ஒற்றை வெடி

இது நடந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். குடகு மலையில் மருந்துக்கடை வைத்து எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த மழையில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் பேய்க் கதை வந்துவிடும். நானே நிறைய அளந்திருக்கிறேன். ஆனால் இதை எனக்குச் சொன்னது தேச்சம்மா. அவளுக்குக் கதை அளக்க நேரமும் கிடையாது, தெம்பும் கிடையாது.

என்னைவிட மூத்தவள். நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கதை என்பதால் அவள் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். வருடக்கணக்காக அவள் என் கடையில் ஒரே சாமான்களைத்தான் வாங்கினாள். மூட்டுவலித் தைலம், படுக்கைப் புண்ணுக்குப் பவுடர், பெரியவர்களுக்குக் கட்டும் டயபர். எல்லாம் மாமனாருக்கு. சுபேதார் மேதப்பாவுக்கு.

மேதப்பா தொண்ணூற்றோரு வயது வரை இருந்தார். இரண்டு சண்டையைப் பார்த்தவர். இடது தொடையில் ஒரு குண்டுத் துணுக்கு கடைசி வரை இருந்தது. ஆனால் சண்டையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். பேச ஆரம்பித்தால் வீட்டைப் பற்றித்தான். மனைவி சோண்டம்மாவுக்குப் புற்றுநோய் வந்து கை தூக்க முடியாமல் போனபோது, துப்பாக்கி பிடித்த கையால் தினமும் அவளுக்குத் தலை பின்னிவிட்டார். கோணல் மாணலாக இருக்கும். அந்த அம்மாள் அதே பின்னலோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, எல்லோரிடமும் தலையைத் திருப்பிக் காட்டுவாள்.

அவரிடம் ஒரு பழக்கம். சாயங்காலம் நடுக்கூடத்துத் தொங்குவிளக்கை ஏற்றியதும், கைத்தடியை ஊன்றி விளக்கடியில் நிற்பார். பட்டாளத்தில் ஆள் கணக்கெடுப்பதுபோல வீட்டில் உள்ளவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எங்கே இருந்தாலும் ஆஜர் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். வெளியூர் போனவர்களுக்கு அவரே லீவு என்று சொல்லிக்கொள்வார். சோண்டம்மா செத்த பிறகும் அவள் பெயரை முதலில் கூப்பிட்டு, கொஞ்சம் பொறுத்து, லீவு என்பார். கணக்கு சரியாக இருந்தால் கைத்தடியால் தரையில் ஒரு தட்டு. டக். அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது. மகன் பூவையா ஒரு நாள் சீட்டாடப் போயிருந்தபோது தேச்சம்மா அவனுக்கும் சேர்த்து ஆஜர் சொல்லிவிட்டாள். அப்போது அவள் புது மருமகள். கிழவர் அவளை முறைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் அவர் வழக்கம் டார்ச்சை எடுத்துக்கொண்டு தேடப் போவது. அன்றைக்கும் போனார். மழையில் இரண்டு மைல் நடந்து, மகனைக் காதைப் பிடிக்காத குறையாக அழைத்துவந்து, விளக்கடியில் நிறுத்தி ஆஜர் சொல்ல வைத்தார். சாப்பாடு ஆறிப்போய்விட்டது.

வீட்டுக்கு வந்தவர்களையும் விடமாட்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் அங்கே காபி குடிக்கிறவன் எவனும் அவர் கணக்கில் சேர்த்தி. என்னை மதராஸி என்று கூப்பிடுவார். பெயரைச் சொல்லுங்கள் என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

படுக்கையில் விழுந்த பிறகும் கணக்கு நிற்கவில்லை. கட்டிலில் படுத்தபடியே கூப்பிடுவார். தேச்சம்மா அடுப்படியில் இருந்து, மாட்டுக் கொட்டிலில் இருந்து, சில நாள் அவருடைய பீத்துணியை அலசிக்கொண்டே ஆஜர் சொல்வாள். அவள் சொன்னாள், "சலிச்சுப் போச்சு தம்பி. நல்ல மனுஷன், இல்லேங்கல. ஆனா எனக்கும் ஒரு நாள் யாரும் கூப்பிடாம உக்காரணும்னு இருந்துச்சு."

ஆடி மாதம், மழை கொட்டுகிற ஒரு மத்தியானம் மேதப்பா போய்ச் சேர்ந்தார். அப்போது பேத்தி போஜி எட்டு மாதக் கர்ப்பம். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். புருஷன் பட்டாளத்தில், வடக்கே எல்லையில்.

குடகில் ஆள் செத்தால் முற்றத்தில் நின்று துப்பாக்கியால் அடுத்தடுத்து இரண்டு வெடி வைப்பார்கள். கேட்டவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். ஒரே ஒரு வெடி என்றால் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. பெண் பிறந்தால் வெடி இல்லை, வெண்கலத் தட்டைத் தட்டுவார்கள். இதை மீறியவர் அந்தப் பக்கத்தில் ஒரே ஆள்தான். போஜி பிறந்தபோது மேதப்பா முற்றத்தில் நின்று வெடித்தார். அடுத்த தோட்டத்து நாணய்யா, அவரும் பழைய பட்டாளத்துக்காரர், ஓடி வந்து பையனா என்று கேட்டார். பொண்ணு என்றார் இவர்.

"அப்புறம் எதுக்குய்யா வெடிச்சே? தட்டைத் தட்ட வேண்டியதுதானே?"

"தட்டைத் தட்டினா உன் செவிட்டுக் காதுல விழுமா? என் பேத்தி வந்திருக்கா."

அந்த மனிதர் செத்ததற்கு முறையாக இரண்டு வெடி விழவில்லை. தோட்டாக்களை அடுப்புக்கு மேலே பரணில் வைப்பதுதான் அவர் வழக்கம். புகையும் சூடும் பட்டு மழைக்காலத்திலும் காய்ந்து இருக்கும். அவர் படுத்த பிறகு பூவையா அவற்றை இரும்பு பீரோவுக்கு மாற்றிவிட்டான். இருந்ததே இரண்டு. அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கியில் போட்டு, அழுதுகொண்டே முற்றத்தில் நின்று முதல் விசையை இழுத்தான். வெடித்தது. இரண்டாவதை இழுத்தான். கிளிக். மறுபடி கிளிக். தோட்டா ஈரத்தில் ஊதிக் குழலுக்குள் சிக்கிக்கொண்டது. வேறு தோட்டா இல்லை.

மலைப்பக்கம் முழுக்க ஒற்றை வெடிதான் கேட்டது.

அரை மணி நேரத்தில் நாணய்யா வந்தார். ஒரு கையில் சேவல், ஒரு கையில் தேன் பாட்டில், முகமெல்லாம் சிரிப்பு. பின்னாலேயே நாலைந்து பேர். "எங்கேடா அந்த சுபேதார் கிழவன்? கொள்ளுப் பேரன் வந்துட்டான்னு மிதப்பா இருக்கானா?" என்று சத்தம் போட்டுக்கொண்டே படியேறினார். நடுக்கூடத்தில் குடகு முறைப்படி குப்பிய என்ற நீள அங்கி உடுத்தி, தலைமாட்டில் விளக்கோடு மேதப்பா கிடத்தப்பட்டிருந்தார். சேவல் கை நழுவி, கத்திக்கொண்டே பிணத்தைத் தாண்டிப் பறந்தது. நாணய்யா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பூவையா சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஒரு வெடி பாக்கி இருக்கு பூவையா. இது நல்லதில்ல. இன்னும் யாருக்கும் அவன் சாகல."

தேச்சம்மாவுக்கு அப்போது அது காதில் ஏறவில்லை. எப்போது தனியாகப் படுக்கலாம் என்றுதான் இருந்தது. நான்காம் நாள் பூவையா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, விராஜ்பேட்டையில் ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தான். நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் துப்பாக்கி இல்லை.

அன்று சாயங்காலம்தான் முதல் தடவை.

ஆறே முக்கால் இருக்கும். விளக்கை ஏற்றிவிட்டுத் தேச்சம்மா அடுப்படிக்கு வந்து கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். "தேச்சம்மா" என்று கூப்பிடும் குரல் கேட்டது. "ஆஜர்" என்றாள். கரண்டி இரண்டு சுற்றுச் சுற்றியது. அப்புறம் நின்றது.

கூடத்துக்குப் போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. விளக்கு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. காற்று, என்று நினைத்துக்கொண்டாள். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைத்தாய்ச்சியைப் பயமுறுத்தக் கூடாது. பூவையாவிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும்.

அடுத்த நாள் அவள் கூடத்திலேயே நின்றாள். முதலில் தைல வாசனை வந்தது. என் கடைத் தைலம். பிறகு அவருடைய கம்பளி நனைந்த வாசனை. விளக்கடியில் இருந்து, பத்தடி தூரத்தில் யாரோ நிற்பதுபோல, சன்னமாகக் குரல் வந்தது.

"சோண்டம்மா."

வழக்கம்போல லீவு என்று வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. சாமான் அறைப் பக்கம் இருந்து, களைத்துப்போன ஒரு பெண் குரல் பதில் சொன்னது.

"ஆஜர்."

தேச்சம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் செத்து இருபது வருடம். குரல் அப்படியே இருந்தது.

"பூவையா." பதில் இல்லை. ஆனால் தாழ்வாரத்தில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்த அவள் புருஷனின் கை நின்றுவிட்டதை அவள் கவனித்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"தேச்சம்மா." அவள் சொன்னாள்.

"போஜம்மா." உள் அறையில் இருந்து மகள் சொன்னாள். சாதாரணமாக, கூந்தலை முடிந்துகொண்டே.

ஆக, மூன்று பேருக்கும் கேட்டிருக்கிறது. ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாப்பிடும்போது போஜிதான் வாயைத் திறந்தாள். அம்மா அவளுக்கு அவ்வா, தாத்தா அஜ்ஜா. "அவ்வா, அஜ்ஜா கடைசியில தடியைத் தட்டலையே."

"சாப்பிடு."

"எல்லாரும் சொல்லியாச்சு. அப்புறமும் நின்னுக்கிட்டே இருக்கார். யாருக்கோ காத்திருக்கிற மாதிரி."

பூவையா இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "பாக்கி வெடிக்குத்தான்."

தேச்சம்மா சாப்பாட்டை ஒதுக்கி வைத்தாள். பாக்கி வெடி. அது யாருக்கு? செத்தவருக்குப் போட்ட வெடியைப் பிறந்த குழந்தைக்கு என்று எண்ணிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் பிறக்காத பிள்ளையின் மேல் விழுந்திருக்கிறது. இரண்டாவது வெடி விழுகிற நாளில் கணக்கு யாரோடு நேராகும்? போஜியின் வயிற்றை அவள் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. மகளையும் பிள்ளையையும் பறிகொடுத்துவிடுவோம் என்ற பயம் அன்றைக்குத்தான் அவளைப் பிடித்தது.

தினமும் அதே நேரம், அதே கணக்கு. கடைசித் தட்டு மட்டும் விழவில்லை. பதினோராம் நாள் சடங்கு முடிந்தால் சரியாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

சடங்குக்கு முந்தின நாள், மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. மழை என்றால் அப்படி ஒரு மழை. ரோட்டில் மரம் விழுந்து வண்டி போக்குவரத்து இல்லை. போனில் டவர் இல்லை. கரண்ட் போய் இரண்டு நாள்.

நாலு மணிக்குப் போஜிக்குப் பனிக்குடம் உடைந்தது. நாள் ஆக இன்னும் மூன்று வாரம் இருந்தது.

பூவையா குடையும் இல்லாமல் ஓடினான், சுகாதார நிலையத்து நர்சைக் கூட்டிவர. விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு, தோட்டம் தோட்டமாக இறங்கி ஏற வேண்டும். அவனுக்கு அறுபது வயது. எப்போது போய் எப்போது வருவது?

வீட்டில் இரண்டு பெண்கள். தேச்சம்மாவுக்கு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துத்தான் பழக்கம்.

"அவ்வா, நீ தூங்கி எத்தனை நாளாச்சு?" என்று போஜி அந்த வலியிலும் கேட்டாளாம்.

"இப்ப அதுவா முக்கியம்? முக்கு."

வெந்நீர் வைத்தாள். கத்தியைக் கொதிக்க வைத்தாள். நடுவில் ஓடிப் போய்க் கூடத்து விளக்கையும் ஏற்றினாள். ஏற்றாமல் விட மனம் வரவில்லை.

ஆறரை தாண்டிப் பிள்ளை வந்தது. பெண்.

அழவில்லை.

உடம்பு நீலம் பாரித்திருந்தது. கொடியை அறுத்து, வாயில் விரல் விட்டுத் துடைத்தாள். முதுகில் தட்டினாள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டினாள். ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தால் போஜியின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண் செருகியிருந்தது. கட்டில் விரிப்பில் ரத்தம்.

"போஜி... போஜி..."

பதில் இல்லை.

தைல வாசனை வந்தது.

பிறகு கம்பளி வாசனை.

கூடத்தில் குரல்.

"சோண்டம்மா."

"ஆஜர்." இந்தத் தடவை சாமான் அறையில் இருந்து அல்ல. கதவுக்கு வெளியே, மிகப் பக்கத்தில்.

"பூவையா." கொஞ்ச நேரம் மௌனம். "லீவு."

"தேச்சம்மா."

பிள்ளையின் முதுகைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "ஆஜர்."

"போஜம்மா."

மழைச் சத்தம்.

"போஜம்மா."

"ஆஜர் மாவா, ஆஜர்," என்று தேச்சம்மா மாமனாருக்குக் கேட்கும்படி கத்தினாள். "இங்கதான் இருக்கா. நான் சொல்றேன்ல."

ஒருவருக்காக இன்னொருவர் சொல்லக் கூடாது. கத்தின பிறகுதான் அது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"போஜம்மா."

மூன்று.

அப்புறம்... கைத்தடி நகர்ந்தது.

டக்.

டக்.

கூடத்தைத் தாண்டியது. தாழ்வாரத்தில் வந்தது. தேச்சம்மா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, எழுந்து போய்க் கதவை அடைத்து நின்றாள். பதினோரு வருடம் அந்த மனிதரைத் தூக்கி, திருப்பி, குளிப்பாட்டிய உடம்பு. அதில் மிச்சம் இருந்த பலம் எல்லாவற்றையும் கதவில் வைத்தாள்.

"வராதீங்க மாவா. அவளைக் கூட்டிட்டுப் போகாதீங்க. வேணும்னா என்னைக் கூப்பிடுங்க, வந்துடறேன். எனக்கும் அலுத்துப் போச்சு. அவளை விட்டுடுங்க."

டக்.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

பெரிய மூச்சு ஒன்று.

டக்.

இந்தத் தடவை சத்தம் அவளுக்குப் பின்னால் கேட்டது. அறைக்குள். கட்டிலுக்குப் பக்கத்தில்.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"போஜம்மா."

கூடத்தில் கூப்பிடுகிற குரல் இல்லை அது. போஜி சின்னவளாக இருந்தபோது, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று கட்டிலோரம் குனிந்து எழுப்புவாரே, அந்தக் குரல்.

போஜி இருமினாள்.

"ஆஜர்... அஜ்ஜா."

கட்டிலோரத்தில் நின்றது அங்கிருந்து போகவில்லை. காத்திருந்தது. இத்தனை நாளும் காத்திருந்த மாதிரியே.

தேச்சம்மாவின் மார்பில் ஏதோ துடித்தது. ஒரு விக்கல். பிள்ளை வாயைத் திறந்தது.

அழுதது.

டக்.

அந்தத் தட்டு.

உடனே வெளியே, முற்றத்தில், வெடி.

ஓடு அதிர்ந்தது. கொட்டிலில் மாடு கத்தியது. தேச்சம்மா எண்ணினாள். ஒன்று. அடுத்தது விழுந்தால் சாவு. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

மழை.

மழை மட்டும்.

இரண்டாவது வெடி விழவில்லை.

பூவையா நர்சோடு வந்தபோது ஏழரை ஆகியிருந்தது. ரத்தம் அதற்குள் தானாகவே மட்டுப்பட்டிருந்தது. அவர்களுக்கு முன்னால் நாணய்யா வந்துவிட்டார். படியேறாமல் மழையிலேயே நின்றார். ஒரு கக்கத்தில் சேவல். இன்னொரு கக்கத்தில் பிணத்துக்குப் போர்த்தும் வெள்ளைத் துணி. இரண்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

"இந்த வீட்டு வெடியை நம்ப முடியல தேச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டையும் தூக்கிட்டு வந்தேன். எதை உள்ள கொண்டுவரட்டும்?"

தேச்சம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சேவலை வாங்கிக்கொண்டாள்.

"பையனா?"

"பொண்ணு மாவா."

நாணய்யா திரும்பினார். முற்றத்தைப் பார்த்தார். "வெடிச்சது யாரு? பூவையா இல்லியே."

"இல்ல."

"துப்பாக்கி?"

"விராஜ்பேட்டையில."

கிழவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொண்ணுக்கு வெடி வைக்கிறவன் இந்தப் பக்கத்துல ஒருத்தன்தான் இருந்தான்," என்றார். அதற்கு மேல் அவர் உட்காரவும் இல்லை, காபி குடிக்கவும் இல்லை.

ரோடு திறந்ததும் பூவையா துப்பாக்கியை வாங்கப் போனான். ரிப்பேர்க்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சிக்கின தோட்டாவைக் கொடுத்த அன்றைக்கே எடுத்துவிட்டாராம். மேசை இழுப்பறையில் இருந்து எடுத்துக் கொடுத்தார். வெடிக்காத தோட்டா. பின்பக்கத்தில் ஊசி பட்ட இரண்டு குழி, அவ்வளவுதான்.

"குழலை நல்லா துடைச்சு, எண்ணெய் போட்டு, பெட்டியில வச்சுப் பூட்டினேன். சாவி என் இடுப்புல. இன்னிக்கு உங்களுக்காகத் திறந்தா, தோட்டா சிக்கின இடது குழல் பூராவும் கரி. வெடிச்ச துப்பாக்கி மாதிரி மருந்து நாத்தம். நான் யார்கிட்டயும் கொடுக்கல சார். என் மேல சந்தேகப்படாதீங்க."

பூவையா சந்தேகப்படவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியின் கையில் தோட்டாவை வைத்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆக, பாக்கி அப்படியே இருக்கிறது. விழுந்த வெடி பிள்ளைக்கு. அவருடைய சாவுக்கு ஊர் கேட்டது இன்னும் அந்த ஒற்றை வெடிதான்.

பூவையா புதுத் தோட்டா இரண்டு வாங்கி வந்தான். முறையாகச் சேர்த்து வெடித்துவிடலாம், அப்பாவை நல்லபடியாக அனுப்பிவிடலாம் என்றான். முற்றத்தில் இறங்கித் துப்பாக்கியை உயர்த்தியும் விட்டான். அவன் கையைப் பிடித்தது தேச்சம்மாதான். யாரும் கூப்பிடாமல் ஒரு நாள் உட்கார வேண்டும் என்று இருந்தவள்.

"இப்ப வேண்டாம். பிள்ளை கொஞ்சம் தேறட்டும்."

"அப்புறம் எப்போ?"

"பாத்துக்கலாம்."

மூன்று வருடம் ஆகிவிட்டது. இதை அவள் எனக்குச் சொன்னது போன மாதம், அந்த வீட்டுக் கூடத்தில். போஜிக்குச் சத்து மாத்திரை கொடுக்கப் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. காபி கொடுத்து உட்கார வைத்தாள். சொல்லி முடிக்கும்போது இருட்டிவிட்டது. எழுந்து போய் விளக்கை ஏற்றினாள். ஆடையில் மாவும் முகத்தில் தூக்கமுமாக அவள் அன்றைக்கும் களைத்துத்தான் இருந்தாள்.

"இப்பவும் கேக்குதா அக்கா?" என்றேன். கேலியாகத்தான் கேட்டேன்.

அவள் விளக்கைப் பார்த்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து எதையோ கேட்டாள். தாழ்வாரத்தில் பூவையாவின் ரேடியோ நின்றது. அவன் ஆஜர் என்றான். தேச்சம்மா, "ஆஜர்." உள்ளே இருந்து போஜி, "ஆஜர்." தரையில் கரண்டியை வைத்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை பொன்னு, தலையைக்கூடத் தூக்காமல், "ஆஜர்."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. மழைதான் கேட்டது. சிரித்துக்கொண்டே டம்ளரைக் கீழே வைத்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம் போயிற்று.

இன்னும் கொஞ்ச நேரம்.

பொன்னு என் வேட்டியைப் பிடித்து இழுத்தது. "மதராஸி மாவா... அஜ்ஜா ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு."

அந்தப் பெயரை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று தேச்சம்மா பிறகு சத்தியம் செய்தாள்.

"சொல்லிடுங்க தம்பி," என்றாள் அப்போது, அலுப்போடு. "தேடி வந்துடுவார்."

சொன்னேன்.

"ஆஜர்."

விளக்கடியில், என் காலில் இருந்து பத்தடி தூரத்தில், யாரும் இல்லாத சிவப்புத் தரையில்...

டக்.

அது எனக்கும் கேட்டது.